செயின்சா எஞ்சினில் வெள்ளைப் பூப்பா? மெக்னீசியப் பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முறை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நிழல் மரக் கவாத்துக்கு செயின்சாவும் களைக்குப் புல்வெட்டும் இயந்திரமும் அவசியம். இவற்றின் எஞ்சின் கூட்டிலோ மூடியிலோ பெயிண்ட் கொப்புளித்து, அடியில் வெள்ளைத் தூள் தட்டுப்படுகிறதா? அது இரும்புத் துரு அல்ல. அந்தப் பாகம் மெக்னீசியக் கலவையாக இருக்கலாம். இரும்புக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்குச் செய்தால் பாகம் வீணாகும். தீ விபத்தும் நேரலாம்.

ஏன் அரிக்கிறது?

மெக்னீசியம் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. கையில் தூக்கி வேலை செய்யும் இயந்திரங்களில் இதைப் பயன்படுத்தக் காரணம் அதுதான். ஆனால் இது சீக்கிரம் அரிக்கும்.

போர்டோ கலவை தயாரித்ததும் இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்போம். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படிச் செம்பு படியும்போது இரும்பு கரைகிறது. மெக்னீசியம் இரும்பைவிட வேகமாகக் கரையும். எனவே பெயிண்ட் உரிந்த இடத்தில் மயில்துத்தக் கரைசல் தெறித்தால் அரிப்பு ஆழமாக இறங்கும். பொட்டாஷ் உரத் தூளும், மலைப் பனியின் ஈரமும் இதைத் தூண்டும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கூட்டில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. அரிப்பு கேஸ்கெட் முகம் வரை போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

முதலில் சோதியுங்கள்

மறைவான இடத்தில் பெயிண்ட்டைச் சிறிது சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மெக்னீசியம். அலுமினியம் அப்படி நுரைக்காது. பார்த்ததும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

செய்முறை

1. பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே உலர்த்தவும். புளி, எலுமிச்சை, துரு நீக்கும் ஆசிட் எதுவும் கூடாது.

2. வெள்ளைத் தூளை நைலான் பிரஷால் தேய்த்து எடுத்து, 120, பிறகு 240 எண் உப்புத்தாளால் கையால் தேய்க்கவும். இரும்புக் கம்பி பிரஷும் பித்தளை பிரஷும் வேண்டாம். அவற்றின் துகள் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே மீண்டும் அரிக்கும்.

3. கேஸ்கெட் முகம், போல்ட் துளை, பேரிங் அமரும் இடம் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைக்கவும்.

4. தேய்த்த அன்றே இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரை மெல்லிசாக இரண்டு முறை அடிக்கவும். இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இதற்குச் சரிவராது. டப்பாவில் போட்டுள்ள நேரம் உலர்ந்தபின் எஞ்சின் எனாமல் அடிக்கவும். சைலன்சரை ஒட்டிய பாகத்தின் சூட்டை இந்தப் பூச்சு தாங்காது.

5. மாட்டும்போது போல்ட் மரையில் லேசாக கிரீஸ் தடவவும். செம்பு வாஷர் போடாதீர்கள். அலுமினிய வாஷர் நல்லது. அளவுக்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும்.

தீ எச்சரிக்கை

மெக்னீசியத் தூள் தீப்பிடிக்கும். கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள். திறந்தவெளியில், பீடி, அடுப்பு இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். தூளை அவ்வப்போது கூட்டி எடுத்துவிடுங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வந்து தீ பெரிதாகும். உலர்ந்த மணலை வாளியில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதைக் கொட்டி மூடுங்கள்.

பாகத்தில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் சாதாரண வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். பாகத்தை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

எப்போது செய்யலாம்?

மலையில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. வெயில் ஏறியபின், பாகத்தைச் சிறிது நேரம் வெயிலில் வைத்துவிட்டு பெயிண்ட் அடியுங்கள். பனி பூத்த உலோகத்தில் அடித்தால் பெயிண்ட் உரியும்.

மருந்து தெளித்த நாளில் இயந்திரத்தில் தெறித்ததை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். மயில்துத்தமும் உர மூட்டையும் இருக்கும் அறையில் செயின்சாவை வைக்காதீர்கள். இவ்வளவு செய்தாலே அரிப்பு பெருமளவு குறையும்.