டயரின் பிடியும் வண்டியின் கதியும்

மோட்டார் வண்டி நம் கையிலுள்ள ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்பட்டு ஓடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் நான்கு டயர்கள் சாலையைப் பற்றும் பிடியே ஆகும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவுதான்.

இப்பிடிக்கு ஓர் எல்லை உண்டு. முழுப் பிடியையும் 10 பங்கு என்று கொள்வோம். பிரேக் 8 பங்கை எடுத்துக்கொண்டால், திரும்புவதற்கு 6 பங்கு எஞ்சும். 10-இல் 8 போனால் 2 அன்றோ எனலாம். இவ்விரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால், இங்கே செங்கோண முக்கோணத்தின் கணக்கே பொருந்தும். ஆயினும் 10 பங்கையும் பிரேக்கே விழுங்கினால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. முன்சக்கரங்கள் சுழலாது சறுக்கும். ஸ்டீயரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே செல்லும்.

இவ்விடரைத் தீர்க்க வந்ததே ஏ.பி.எஸ். என்னும் பிரேக் முறை. பாஷ் நிறுவனத்தின் மின்னணுக் கருவி 1978-இல் மெர்சிடிஸ் கார்களில் இடம்பெற்றது. சக்கரம் நிற்கப்போவதை உணர்ந்ததும், அது பிரேக்கின் அழுத்தத்தை விநாடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. 1995-இல் இன்னொரு படி ஏறினார்கள். ஓட்டுபவர் திருப்பிய அளவையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிடும் நிலைப்புக் கருவி வந்தது. வண்டியின் பின்புறம் வெளியே வீசினால் வளைவின் வெளிப்புற முன்சக்கரத்தையும், வண்டி போதிய அளவு திரும்பாவிட்டால் உட்புறப் பின்சக்கரத்தையும் அது தானே பிரேக் பிடித்து நேர்செய்கிறது.

ஆனால் இக்கருவிகள் உள்ள பிடியைப் பங்கிடுமேயன்றிப் பெருக்கமாட்டா. மழையில் நனைந்த சாலையில் அந்தப் 10 பங்கே சுருங்கிவிடுகிறது. வேகம் இரு மடங்கானால், அதே வளைவில் திரும்ப வேண்டிய விசையோ நான்கு மடங்காகும். மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள போர்காட் மலைவழியில் மழைக்காலத்தில் செல்லும் நேயர்களுக்கு இக்கணக்கு உயிர்க்கணக்கு.

ஆகவே, வளைவு வருமுன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைப்போம். ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசரமாக நிறுத்துகையில் பிரேக் மிதி காலடியில் அதிர்ந்தால், அஞ்சிக் காலை எடுக்காதிருப்போம். டயரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்தனவா, காற்று சரியாக உள்ளதா என்று புறப்படுமுன் பார்ப்போம். எக்கருவியாலும் ஈடுசெய்ய இயலாத காவல் இதுவே.