வெளியே சாப்பிடப் போகிறோம்... வீட்டுப் பெண்களும்தானே?

மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்கு ஓர் அண்டை வீட்டார் இருந்தார், பாரசீகத்தைச் சேர்ந்தவர். குழம்பு வைப்பதில் கைதேர்ந்தவர். ஒரு நாள் சமைத்து முடித்துவிட்டு நபியவர்களை அழைக்க வந்தார். அருகில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இருந்தார்கள். அழைப்பு இவருக்கும் சேர்த்துத்தானா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார் வந்தவர். அப்படியானால் தாமும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறுபடியும் வந்தார். அதே கேள்வி, அதே பதில், அதே மறுப்பு. மூன்றாம் முறைதான் அவர் சம்மதித்தார். உடனே இருவரும் எழுந்து ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக்கு நடந்தார்கள். இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதைக் காரைக்காலில் வைத்து யோசித்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு பரோட்டாக் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மச்சான்மார்களும் தம்பிமார்களும்தான். வீட்டில் இருப்பவர்களுக்குப் பார்சல் வரும், அதுவும் ஆறிப்போய். சபராளி வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ பிரான்சிலோ இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் வருகிறார். அந்த ஒரு மாதத்தில் கல்யாண வீடுகளும் மையித்து வீடுகளும் போக மிச்சமிருக்கும் மாலைகள் எத்தனை? அந்த மாலைகளும் நண்பர்களோடு கழிந்துவிட்டால், "எங்களை எங்கே கூட்டிப் போனீங்க?" என்று அவர் மனைவி கேட்பதில் என்ன தவறு?

தடை மார்க்கத்தில் இல்லை, ஊரின் அமைப்பில் இருக்கிறது என்று சிலர் சொல்வதிலும் உண்மை உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, பிறகு புதுச்சேரியோடு இந்தியாவில் இணைந்த ஊர் இது. சுற்றிலும் தமிழ்நாடு. மது வரி இங்கே குறைவு என்பதால் எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவர்கள் அதிகம். ஏசி அறையும் நல்ல மேஜை நாற்காலியும் உள்ள ஓட்டல் என்று பார்த்துப் போனால், பக்கத்துக் கதவு பாராக இருக்கும். மது பரிமாறப்படும் விரிப்பில் உட்காரக் கூடாது என்பது நபிமொழி, திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஒரே மேஜைக்கு மட்டும்தான் இந்தத் தடையா, முழுக் கட்டடத்துக்குமா என்று ஆலிம்களிடம் கேட்கலாம். ஆனால் குமர்ப் பிள்ளைகளையும் சிறுவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த விவாதமே தேவைப்படாது. கிளம்புவதற்கு முன்பு ஒரு போன் செய்து, பார் இருக்கிறதா, குடும்பத்தோடு உட்காரத் தனி இடம் உண்டா என்று கேட்டுவிட்டால் முடிந்தது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். திருநள்ளாறுக்கு வரும் கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பதே சிரமம்.

அடுத்தது ஹலால். வாசலில் பலகை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். கோழியும் ஆடும் எங்கே அறுக்கப்பட்டவை என்று கேட்பது அநாகரிகம் அல்ல. நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதே நேரம் முஸ்லிம் நடத்தும் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் சந்தேகப்படுவதும் தேவையில்லை. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லையே எனக் கேட்டவர்களிடம், நீங்கள் பெயர் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றே நபியவர்கள் வழிகாட்டினார்கள் என்பது புகாரியில் உள்ளது.

நாம் கவனிக்காமல் விடுவது வேறு இடங்களில். மீனுக்கு அறுப்புப் பிரச்சினை இல்லை என்று மீன் வறுவல் கேட்கிறோம். ஹலால் அல்லாத கோழி பொரிந்த அதே எண்ணெயில் அது பொரிந்தால் என்ன செய்வது? சைனீஸ் வகைகளில் சில சமையற்காரர்கள் சமையல் ஒயின் சேர்ப்பதுண்டு. ஜெல்லி, புட்டிங் போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. பாக்கெட்டில் வரும் பொருளில் பச்சைக் குறி இருந்தால் ஜெலட்டின் இல்லை என்று நம்பலாம். ஆனால் பச்சைக் குறி சைவம் என்பதை மட்டுமே சொல்கிறது, ஆல்கஹால் இல்லை என்று சொல்வதில்லை. இது பலருக்குத் தெரியாது. இன்னொன்று: நம் கரையோர மக்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர், இறாலும் கணவாயும் நமக்குப் பிரச்சினை இல்லை. ஹனஃபி சம்பந்திகளை விருந்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் கணவாய்த் தட்டை ஆர்டர் செய்யும் முன் கேட்டுக்கொள்வது நல்லது!

சாப்பாடு சரி, நிகழ்ச்சி பார்ப்பது? பொங்கலை ஒட்டிக் காரைக்கால் கார்னிவல் நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். "நமக்கு எதற்கு இதெல்லாம்" என்ற குரல் வீட்டுக்கு வீடு உண்டு. ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதிலேயே ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடிக் காட்டினார்கள். நபியவர்கள் தம் மேலாடையால் ஆயிஷா (ரலி) அவர்களை மறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களாகவே போதும் என்று சொல்லும் வரை அப்படியே நின்றார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. கல்லெடுத்து அவர்களை விரட்டப் போன உமர் (ரலி) அவர்களையும் நபியவர்கள் தடுத்தார்கள். மனைவியின் ஆசைக்காகக் கால் வலிக்க நின்ற அந்தப் பொறுமையை நாம் அதிகம் பேசுவதில்லை.

இதை வைத்து எல்லா மேடையும் கூடும் என்று சொல்ல வரவில்லை. இசை பற்றியும் நடிப்பு பற்றியும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆபாசத்திலும் இணைவைப்புச் சடங்குகளிலும் வேறுபாடே இல்லை. என்ன நிகழ்ச்சி, யார் நடத்துகிறார்கள், உட்காரும் இடம் எப்படி என்று விசாரித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. விசாரிக்காமல் "போகக் கூடாது" என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்லிவிட்டு, அதே இரவு நாம் கைப்பேசியில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

நாடகம் நமக்கு அந்நியமும் அல்ல. அலிபாதுஷா நாடகம், அப்பாஸ் நாடகம், லால் கௌஹர் நாடகம் என்று இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் நாடகத்துக்கே ஒரு தனி வரிசை உண்டு. கதைகள் பெரும்பாலும் கற்பனை, மார்க்கப் பாடமாக அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் முஸ்லிம்கள் தமிழில் நாடகம் எழுதினார்கள் என்பதற்கு அவை சாட்சி. பக்கத்து நாகூரில் பிறந்த காஜா மொகிதீன்தான் ரவீந்தர் என்ற பெயரில் எம்.ஜி.ஆர். நாடக மன்றத்துக்கு 'இன்பக் கனவு' எழுதியவர். 1959இல் சீர்காழி மேடையில் எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்ததே, அந்த நாடகம்தான்.

கார்னிவல் மாதிரி மாலை நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆறு மணியை ஒட்டி மஃரிப் வந்துவிடும், அதன் நேரமும் குறுகியது. தொழுதுவிட்டுக் கிளம்பினால் மனம் நிம்மதியாக இருக்கும். இஷாவை வீடு திரும்பித் தொழலாம்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது அரசு வரி அல்ல, கட்டாயமும் அல்ல. எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் செய்வதில் நம்மவர்களின் தாராளம் ஊருக்கே தெரியும்! நாலு பேருக்கு ஆறு பிரியாணி. ஒரு சஹனில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய நமக்கு, முதலில் இரண்டு வாங்கிப் பகிர்ந்துவிட்டுப் போதாவிட்டால் மேற்கொண்டு கேட்பது கஷ்டமான காரியம் அல்ல. மீந்ததைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.