நுணாவும் நோனிச் சாறும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையேயுள்ள சிற்றூர்களில் நுணா மரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெட்டினால் அதன் உட்கட்டை மஞ்சளாக இருக்கும். ஆதலால் மஞ்சணத்தி என்றும் அதற்குப் பெயருண்டு. அதன் கனி கறுத்துப் பழுத்துக் கேட்பாரற்று மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். இந்த நுணாவுக்கு நெருங்கிய உறவினம் ஒன்று பசிபிக் தீவுகளில் நோனி என்ற பெயரோடு வாழ்கிறது. தாவர நூலார் இவ்விரண்டையும் மொரிண்டா என்னும் ஒரே பேரினத்தில் அடக்குவர். அந்த நோனியின் சாறு புட்டிகளில் அடைபட்டு, பல நூறு ரூபாய் விலையில், சிற்சில வேளை ஆயிரத்திற்கும் மேலான விலையில், நம் ஊர்களிலேயே விற்கப்படுகிறது. அவ்விலை கொடுத்து அதை வாங்குதல் தகுமா என்று இப்பகுதி மாணவர் பலர் என்னைக் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இத்தகைய சாறுகளை விற்போர் தவறாமல் கூறும் சொல் ஒன்று உண்டு: ஆன்டி-ஆக்ஸிடன்ட். அதன் பொருள் என்ன? அறுத்து வைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுத்துப் போகிறதன்றோ? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதனோடு சேர்ந்து விளைக்கும் மாறுதல் அது. எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது தாமதப்படும். இவ்வாறு ஆக்ஸிஜன் செய்யும் கேட்டைத் தடுக்கும் பொருளுக்கே அப்பெயர். நம் உடலினுள்ளும், உணவிலிருந்து சக்தி பிறக்கும்போது, நிலையற்ற சில துகள்கள் தோன்றி அணுக்களைத் தாக்குகின்றன. முதுமைக்கு இவையே காரணமாகலாம் என்று 1956ஆம் ஆண்டில் டென்ஹம் ஹார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கொள்கையை வெளியிட்டார். அப்படியானால் அவற்றைத் தடுக்கும் பொருளை மிகுதியாக உட்கொண்டால் நோயும் மூப்பும் விலகுமன்றோ என்பது அடுத்து எழுந்த எண்ணம்.

எண்ணம் அழகியதே. ஆயினும் விஞ்ஞானத்தில் எண்ணம் சோதனைக்கு உட்பட வேண்டும். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த பெரும் ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்னும் தடுப்புப் பொருளை மாத்திரையாக உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதைப் போன்ற மற்றோர் ஆய்வு, தீங்கு புலப்பட்டமையால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உடல் அத்துகள்களைப் பகையாக மட்டும் கருதுவதில்லை. கிருமிகளை அழிப்பதற்கு அவற்றையே படைக்கலமாகவும் கொள்கிறது. எனவே எல்லாவற்றையும் அடக்கிவிடுவது நன்மையாகாது.

"அவை மாத்திரைகள், எங்களுடையது கனிச்சாறு" என்று விற்பவர் விடையளிக்கலாம். சாற்றின் பெருமைக்கு அவர்கள் காட்டும் சான்று பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருக்கும். சோதனைக் குழாயில் ஒரு பொருள் எவ்வளவு தடுப்பாற்றல் காட்டுகிறது என்பதன் அளவு அது. இவ்வகை எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012இல் அப்பட்டியலை விலக்கிக்கொண்டது. குழாயில் கண்ட அளவு உடலில் நிகழும் பயனைக் காட்டாது என்பதும், வணிகர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பதும் அத்துறை கூறிய காரணங்கள்.

நோனியைப் பற்றியே நேரான தீர்ப்பும் உண்டு. ஐரோப்பாவில் அதை விற்க அனுமதி கோரப்பட்டபோது, அங்குள்ள உணவு விஞ்ஞானக் குழு 2002இல் ஆராய்ந்து, மற்றப் பழச்சாறுகளுக்கு மேலான தனி நலம் எதற்கும் சான்றில்லை என்று உரைத்தது. பழச்சாறாக விற்க 2003இல் அனுமதி கிடைத்தது, மருந்தாக அன்று.

இனி நம் சந்தைக்கு வருவோம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய வைட்டமின் ஸி 65 முதல் 80 மில்லிகிராம் வரை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. நெல்லிக்கனியில் அதனினும் மிகுதி. பேருந்து நிலையத்தில் கூடைக்காரியிடம் வாங்கும் ஒரு சிறு கொய்யாவில் பாதியே அன்றையத் தேவையை நிறைவேற்றும். மிகுதியாக உட்கொண்டால் உடல் அதைச் சேமித்து வைப்பதில்லை. பெரும்பகுதி சிறுநீரில் கழிந்துபோகும். மேலும், முழுக் கனியில் நார்ச்சத்து உண்டு. வடித்த சாற்றில் அது பெரிதும் நீங்கிவிடுகிறது.

பணம் வீணாவது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடுகள் இரண்டு உள. நோனிச் சாற்றில் பொட்டாசியம் ஆரஞ்சுச் சாற்றில் உள்ள அளவுக்கு இருக்கிறது. நலமுடையோருக்கு அதனால் இடரில்லை. சிறுநீரகம் பழுதுற்றோருக்கோ அது இதயத்தையே தாக்கக்கூடும். அத்தகைய நோயாளி ஒருவருக்கு இச்சாற்றைப் பருகியதன் பின் இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறிய செய்தி 2000ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. மற்றொன்று, சாற்றை நம்பி நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ உண்ணும் மருந்தை நிறுத்திவிடுவது. இதனால் விளையும் தீங்கு உடனே தெரியாது. தெரியும்போது கண்ணோ காலோ கெட்டிருக்கும்.

இவற்றை விற்க வருபவர் பெரும்பாலும் அயலார் அல்லர். மாமாவோ, சித்தியோ, அடுத்த வீட்டு அண்ணனோ வருவார். தமக்குக் கீழே நால்வரைச் சேர்த்தால் வருவாய் பெருகும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பர். ஆகவே மறுப்பது கடினம். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது. ஆளைச் சேர்த்து ஆதாயம் பெறும் அடுக்கு முறையை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் விலக்குகின்றன. துணையுணவுப் புட்டியின் மேலேயே, இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்று அச்சிட வேண்டும் என்பதும் விதி. சித்தி வந்தால் சினவாதீர்கள். புட்டியைத் திருப்பி அந்தச் சிறிய எழுத்தை அவருக்கே படித்துக் காட்டுங்கள். தாமும் ஏமாற்றப்பட்டவர் என்பதை அவர் அப்போது உணரக்கூடும்.

நோனிச் சாறு நஞ்சன்று, அமுதமும் அன்று. அது ஒரு பழச்சாறு. பழச்சாற்றின் விலைக்கு மேல் அதற்கு மதிப்பில்லை. அந்த ஒரு புட்டியின் விலையில் ஒரு குடும்பம் பல வாரங்களுக்குக் கொய்யாவும் நெல்லியும் முருங்கைக் கீரையும் வாங்கலாம். உங்கள் இல்லத்தில் அந்தப் பணம் எதற்குச் செல்ல வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் கல்வி உங்களிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.