உயில் எழுதிவிட்டீர்களா?

ஒழுகரைப் புனித அந்திரேயர் ஆலயத்தைக் காணும்போதெல்லாம் அதனைக் கட்டிய கனகராய முதலியார் நம் நினைவுக்கு வருவார். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாய்ப் பெருஞ்செல்வம் ஈட்டிய கத்தோலிக்கர் அவர். இளமையில் மாண்ட மகனின் நினைவாக எழுப்பிய அவ்வாலயத்துக்காக 1745-இல் பல சாதியாரையும் அழைத்துப் பெருவிருந்து அளித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இறந்தார். உடனே அவருடைய தம்பிக்கும் மனைவிக்கும் இடையே சொத்துத் தகராறு மூண்டு, கவர்னர் துய்ப்ளே வரை சென்றது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இவற்றைக் காணலாம்.

ஆலயம் கட்டியதை நாம் குறை கூறவில்லை. எந்தப் பங்குக்குருதான் கூறுவார்! ஆனால் உடைமைகளுக்கு நாம் கண்காணிப்பாளரே எனில், விடைபெறுமுன் கணக்கை ஒப்படைக்க வேண்டாமா?

நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற ஒரு வீட்டில், மூத்தவர் செபிக்க, இளையவர் பீரோச் சாவியைத் தேடியதைக் கண்டோம். கட்டிலில் கிடந்த தாயும் கண்டார். பின்னர்ப் பங்கு பிரித்துத் தரும்படி நம்மிடமே வந்தனர். அத்தகைய வேண்டுகோளை ஆண்டவரே மறுத்துவிட்டார் (லூக்கா 12:14), நாம் எம்மாத்திரம்?

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என அஞ்சுவோர் நம்முள்ளும் உளர். சொத்தில் பங்கு பெறாத இருவர் சாட்சியாய்க் கையொப்பமிடட்டும். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தார் வழக்கறிஞரைக் கேட்பது நலம். அவர்களுக்குச் சட்டம் வேறாகலாம். மனைவியின் பங்கை முதலில் எழுதுங்கள்.

வீட்டுப் பத்திரம் எங்கிருக்கிறது என்பதைக்கூட மனைவிக்குச் சொல்லாத கணவர்கள் நம்மிடையே எத்தனை பேரோ! இன்றிரவு செபமாலை முடிந்ததும் சொல்லிவிடலாமே.