பூனைக்காலியும் நடுக்குவாதமும்

நம் தீவுத் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டால் போதும், சென்னையிலிருந்து அடுத்த கப்பலிலேயே பூனைக்காலி விதைப் பொடி வந்து இறங்கிவிடுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒருபுறம், உறவினர் அனுப்பிய பொடி மறுபுறம். "மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் பலர். அடியேன் வைத்தியனல்லன்; டிப்ளமா படித்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயினும் படித்தறிந்த வரையில் சொல்கிறேன்: அது செய்யும், நன்றாகவே செய்யும். கவலையும் அதனால்தான்.

பூனைக்காலிக் காயின் சுணை மேலே பட்டால் அரிப்பு உயிரை வாங்கும் என்பது கிராமத்தில் வளர்ந்தோர் அறிந்ததே. விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிப் பொடிப்பது நம் வைத்திய முறை. 1937இல் சென்னை சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்ற இருவர் இவ்விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் நடுக்குவாதம் தணியும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன், நம் சர்ப்பகந்தாவிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பின் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின! மூளையில் டோபமின் குறைவதே முடக்கத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் டோபமினையே கொடுத்தால் என்ன? ரயிலே இல்லாத தீவில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் எஞ்சின் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட முடியாது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்ல டோபமினிடம் டோக்கன் இல்லை, எல்-டோபாவிடம் இருக்கிறது. உள்ளே போனபின் அது டோபமினாக மாறுகிறது. ஆனால் பெரும்பகுதி வழியிலேயே மாறி வீணாகிவிடும். குமட்டலும் அதனால் வருவதே. இதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபாவையும் சேர்க்கிறார்கள். பொடியில் அந்தக் காவல் கிடையாது.

இதை வைத்துப் பூனைக்காலியைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 2004இல் இலண்டனில் எட்டு நோயாளிகளிடம் சோதித்தார்கள். மாத்திரை வேலை செய்ய ஏறத்தாழ 69 நிமிடம் பிடித்தது. 30 கிராம் பூனைக்காலி மருந்துக்கு 35 நிமிடமே போதுமானதாயிற்று. பலனும் கூடுதல் நேரம் நின்றது. 2017இல் வெளியான பொலிவியா நாட்டு ஆய்வில் 18 பேரிடம் ஒரே வேளை கொடுத்துப் பார்த்தபோதும் விதைப்பொடி சோடை போகவில்லை. மாத்திரை வாங்க வசதியற்ற நாடுகளுக்கு இது நல்ல செய்தி. எட்டுப் பேரும் பதினெட்டுப் பேரும் போதுமா என்றால், போதாது.

நம் வீட்டுச் சிக்கல் அளவில்தான் இருக்கிறது. நூறு கிராம் விதையில் நான்கு முதல் ஆறு கிராம் வரை எல்-டோபா இருக்கலாம். விதைக்கு விதை, பக்குவத்துக்குப் பக்குவம் மாறும். கடையில் விற்கும் பொட்டலத்தில் எவ்வளவு என்று எப்படி அறிவது? மாத்திரையோடு ஒரு கரண்டிப் பொடி சேர்ந்தால் ஒரே மருந்தை இரண்டு வழியாகக் கொடுத்ததாகும். கைகால் தானாக முறுக்கி ஆடுதல், எழுந்து நின்றால் தலைசுற்றல், இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிதல் எல்லாம் வரும். நோய் முற்றிவிட்டதென்று பயந்து வீட்டார் இன்னும் ஒரு கரண்டி கூட்டுவதும் உண்டு! மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பொடி வந்துவிட்டதென்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் கூடாது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு பொடிப் பொட்டலத்தையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை கரண்டி, எந்த வேளை, எத்தனை நாளாக என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.