குழந்தையின் இருதயத்தில் ஓட்டை: ‘கொஞ்சம் தேறட்டும்’ என்று காத்திருக்கலாமா?

“பிள்ளை நோஞ்சானா இருக்கு. உடம்பு கொஞ்சம் தேறட்டும், ரெண்டு வயசு ஆனதும் ஆபரேசன் வச்சுக்கலாம்.” இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வது இதுதான். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சில குழந்தைகளுக்கு இந்தக் காத்திருப்பே ஆபத்தாகிவிடும்.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருக்கிறது. குறை பலவகை. அதற்கேற்ப ஆபரேசனுக்கான நேரமும் மாறும்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

இருதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் பாய்ந்துவிடும். குழந்தைக்கு மூச்சு வாங்கும். பால் குடிக்கவே களைத்துப்போகும். எடை ஏறாததற்குக் காரணமே அந்த ஓட்டைதான். நாளாக நாளாக நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அது முற்றிய பிறகு ஓட்டையை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது டாக்டர்களாலும் ஆபரேசன் செய்ய முடியாது.

எந்தக் குறைக்கு எப்போது?

* கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை: பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள்.
* அங்கேயே சிறிய ஓட்டை: பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிவிடும். ஆனாலும் டாக்டர் சொல்லும் தேதியில் காட்ட வேண்டும்.
* மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை: தொந்தரவு இல்லையென்றால் 2 முதல் 4 வயதுக்குள். சிலருக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக் குழாய் வழியாகவே அடைத்துவிடலாம்.
* உடம்பு நீலம் பாயும் குறைகளில் ஒருவகைக்கு 6 முதல் 12 மாதத்துக்குள். பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ, பொதுவாகப் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

இவை பொதுவான கணக்கு. உங்கள் குழந்தைக்கு எப்போது என்பதை எக்கோ பரிசோதனை பார்த்து இருதய டாக்டர்தான் சொல்வார்.

இதைக் கவனியுங்கள்

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? விட்டுவிட்டுக் குடிக்கிறதா? அடிக்கடி சளி, மூச்சிரைப்பு வருகிறதா? “கணை”, “சவலை” என்று கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். உதடு, நாக்கு நீலமானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழும்போது திடீரென நீலம் கூடி மூச்சு வாங்கினால், முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவுக்குப் பயப்படாதீர்கள்

அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ குழந்தையைக் காட்டுங்கள். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு இருதய ஆபரேசனுக்கும் உதவி உண்டு.

குழு செய்யக்கூடியதும் இருக்கிறது. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் அவசரக் கடன் கொடுக்கலாம். தாயோடு துணைக்கு ஒருவர் போகலாம். “ஆபரேசனுக்கு எந்தத் தேதி?” என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லலாம். அந்தத் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வோம்.