வாயிலில் நிற்கும் கோப்பு

நுழையும்முன்

எழுதியதை உலகின் பார்வைக்கு வைக்கும் எளிய இடம் வலைப்பூ. எழுத்தோடு படமும் ஒலியும் நூலும் சேர்ந்து பயணம் செய்ய விரும்புகின்றன. அவற்றுள் சிலவற்றை வலைப்பூ உள்ளே விடுகிறது. சிலவற்றை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. நிறுத்துவதன் காரணத்தை அறியாமல் கதவைத் திறந்துவிடுவதும், அறிந்து அளவோடு திறப்பதும் ஒன்றல்ல.

ஒரு பள்ளியின் தமிழ் மன்றம் மாணவர் படைப்புகளைத் தொகுத்து ஆண்டு மலர் ஒன்றை உருவாக்குகிறது எனக் கொள்வோம். கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, மின்னூலாக்கி முடிக்கின்றனர். பிடிஎஃப் வடிவில் பக்கம் அச்சுத் தாளைப்போல அசையாது நிற்கும். கைப்பேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். இபப் வடிவிலோ எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கித் திரைக்குள் அடங்கும். ஆதலால் மன்றத்தார் இபப் வடிவத்தையே தேர்ந்தனர். பள்ளியின் வலைப்பூ வேர்ட்பிரஸ் மென்பொருளால் இயங்குவது. மலரைப் பதிவேற்ற முனைந்ததும் திரையில் ஒரு மறுப்பு தோன்றுகிறது. இவ்வகைக் கோப்பைப் பதிவேற்ற அனுமதியில்லை என்பது அதன் பொருள்.

நூலில் குற்றமில்லை, கணினியிலும் பழுதில்லை. இருந்தும் ஏன் இந்த மறுப்பு?

பெயர் வேறு, பொருள் வேறு

கணினிக்குக் கோப்பு என்பது எண்களின் வரிசை மட்டுமே. 0 முதல் 255 வரையுள்ள எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவ்வரிசை படமா, பாடலா, நிரலா என்பதை அதைத் திறக்கும் மென்பொருளே முடிவு செய்கிறது. மனிதர் வசதிக்காகக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியிட்டுச் சில எழுத்துகளைச் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. டாஸ் இயக்கமுறைமையில் பெயருக்கு 8 எழுத்துகளும் அதன் நீட்சிக்கு 3 எழுத்துகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஜேபெக், பிஎன்ஜி போன்ற நீட்சிகளை நாம் இன்றும் கோப்பின் இயல்பாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டு. சீட்டை யாரும் மாற்றி ஒட்டலாம்.

அவ்வாறு மாற்றி ஒட்டியதன் விளைவை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகம் கண்டது. பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல் ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்போடு வந்தது. அதனோடு இணைந்த கோப்பின் பெயர் காதல் கடிதம் என்றது. பெயரின் ஈற்றில் உரைக்கோப்பைக் குறிக்கும் டிஎக்ஸ்டி என்னும் நீட்சி தெரிந்தது. அதற்கும் பின்னால் நிரலைக் குறிக்கும் விபிஎஸ் என்னும் உண்மை நீட்சி ஒன்று இருந்தது. விண்டோஸ் இயக்கமுறைமை தான் அறிந்த நீட்சிகளை மறைத்துக் காட்டும் இயல்புடையதால் பலர் கண்ணுக்கு அது படவில்லை. கடிதம் என்று திறந்தவர்களின் கணினியில் நிரல் ஓடியது, படக்கோப்புகள் அழிந்தன, முகவரிப் பட்டியலில் இருந்தோர் அனைவருக்கும் அதே அஞ்சல் சென்றது.

சீட்டை நம்ப முடியாதெனில் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் வழி. பெரும்பாலான கோப்பு வடிவங்களின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் பொதிந்திருக்கும். பிஎன்ஜி படத்தின் முதல் எண் 137. அடுத்த மூன்று எண்களான 80, 78, 71 ஆகியவை ஆங்கில எழுத்துகளாக வாசிக்கப்படும்போது பி, என், ஜி என அமையும். முதல் எண்ணை 127க்கு மேல் வைத்ததிலும் ஒரு நுட்பம் உண்டு: பெரிய எண்களைச் சிதைத்துவிடும் பழைய அஞ்சல் வழிகளில் படம் சென்றிருந்தால், முதல் எண்ணே சிதைந்து அச்செய்தியைச் சொல்லிவிடும். ஜிப் பொதிகள் பி, கே என்னும் எழுத்துகளோடு தொடங்கும். அவை அவ்வடிவத்தை வகுத்த ஃபில் காட்சு என்பவரின் பெயர் முதலெழுத்துகள்.

அஞ்சல் தந்த அடையாளம்

இணையத்தில் கோப்பு வகைகளைக் குறிக்கும் பொதுப்பெயர்கள் வலைப்பூவுக்காகப் பிறந்தவை அல்ல. வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்துகொண்டிருந்த மின்னஞ்சலில் படத்தையும் ஒலியையும் அனுப்ப நத்தானியல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் ஒரு முறையை வகுத்தனர். மைம் என்பது அதன் சுருக்கப் பெயர். 1992 மார்ச்சு 11 அன்று போரன்ஸ்டீன் தாம் உறுப்பினராக இருந்த நால்வர் பாடற்குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாடலையும் இணைத்து ஓர் அஞ்சல் அனுப்பினார். இன்று நாம் ஒரு நாளில் எத்தனை இணைப்புகளை அனுப்புகிறோம் என எண்ணிப் பார்த்தால் அந்த நால்வரின் பாட்டு எவ்வளவு தொலைவு ஒலித்திருக்கிறது என்பது விளங்கும்.

மைம் முறையில் ஒவ்வொரு வகைக்கும் இருபகுதிப் பெயர் உண்டு. சாய்கோட்டுக்கு முன்னால் இனம், பின்னால் உட்பிரிவு. ஜேபெக் படம் ‘இமேஜ்/ஜேபெக்’ எனப்படும். நமது மின்னூல் ‘அப்ளிகேஷன்/இபப்+ஜிப்’ எனப்படும். வழங்கியும் உலாவியும் இப்பெயரைக்கொண்டே பேசிக்கொள்கின்றன.

ஏற்பவற்றின் பட்டியல்

2003ஆம் ஆண்டில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோரால் தொடங்கப்பட்ட வேர்ட்பிரஸ் ஒரு கட்டற்ற மென்பொருள். அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர் நீட்சி ஒருபுறமும் அதற்குரிய மைம் பெயர் மறுபுறமுமாக அமைந்த அப்பட்டியலில் உள்ளவை மட்டும் ஊடக நூலகத்துக்குள் நுழையலாம். இல்லாதவை தீயவை என்று பொருளன்று. அவற்றைப்பற்றி முடிவு செய்யப்படவில்லை என்பதே பொருள்.

விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு மற்றவற்றை விட்டுவிடலாகாதா என்னும் வினா எழலாம். தீங்கு தரும் வகைகளை முழுமையாக எண்ணி முடித்தவர் எவருமில்லை. விடுபட்ட ஒன்று போதும், காவல் முழுவதும் வீணாகும். ஏற்கும் பட்டியலில் ஒன்று விடுபட்டால் விளைவது சிறு தொல்லை மட்டுமே. தமிழ் மன்றம் பட்டது அத்தொல்லைதான்.

விடுபட்ட ஒன்று எத்தகைய தீங்கு செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருப்பது பிஎச்பி என்னும் நிரல்மொழியில். அதை இயக்கும் வழங்கி, பிஎச்பி நீட்சியுடைய கோப்பை யாரேனும் கேட்டால் அதை அனுப்புவதில்லை. அதில் எழுதியுள்ள கட்டளைகளைச் செயற்படுத்தி விடையை அனுப்புகிறது. பதிவேற்றக் கோப்புறையில் அத்தகைய கோப்பு ஒன்று புகுந்துவிட்டால், அதன் முகவரியை உலாவியில் தட்டச்சு செய்யும் அயலார் எவரும் அந்தத் தளத்தின் உரிமையாளர் போல ஆகிவிடலாம். படத்தின் பெயருக்கு நடுவே பிஎச்பி என ஒளித்துவைத்து, ஈற்றில் ஜேபெக் என முடிப்பது பழைய தந்திரம். சரிவர அமைக்கப்படாத வழங்கிகள் அதற்கு ஏமாந்ததுண்டு. அதனாலேயே வேர்ட்பிரஸ் அத்தகைய பெயரின் நடுவே ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து அதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறது.

2011 ஆகஸ்டில் வெளிப்பட்ட டிம்தம்ப் குறைபாடு இங்கு நினைக்கத்தக்கது. படங்களை வேண்டிய அளவுக்கு வெட்டித் தரும் அச்சிறு நிரல், வேர்ட்பிரஸ் வார்ப்புருக்கள் பலவற்றுள் இடம்பெற்றிருந்தது. நம்பகமான சில தளங்களிலிருந்து மட்டுமே படத்தை எடுத்துவர வேண்டும் என்பது அதற்கு இட்ட விதி. ஆனால் அத்தளத்தின் பெயர் முகவரிக்குள் எங்கேனும் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது. நம்பகமான பெயரை முன்னால் வைத்துத் தன் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்ட அயலான் தளத்தையும் அது நம்பியது. எடுத்துவந்ததைப் பொதுவில் அணுகத்தக்க கோப்புறையில் வைத்தது. படம் என்று வந்தவை நிரல்களாக ஓடின. தம் சொந்தத் தளத்தில் அழையாத விளம்பரங்கள் தோன்றியதைக் கண்டு துருவி ஆராய்ந்த மார்க் மாண்டர் என்பவரே இதை உலகுக்கு அறிவித்தார்.

படமாகவும் நிரலாகவும்

நிரலைத் தடுத்துவிட்டுப் படங்களையெல்லாம் விட்டுவிடலாமே எனில், அங்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. எஸ்விஜி என்பது கோடுகளையும் வளைவுகளையும் சொற்களால் விவரிக்கும் படவடிவம். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மங்காது. பள்ளி முத்திரையை வரைய அதைவிடச் சிறந்தது அரிது. ஆயின் அது அடிப்படையில் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம். அதனுள் ஜாவாஸ்கிரிப்டு நிரலையும் எழுதலாம். பக்கத்தின் நடுவே படமாக அமைக்கும்போது உலாவி அந்நிரலை இயக்காது. படத்தின் முகவரியை நேரே திறந்தாலோ அது இயங்கும். அத்தளத்துக்கே உரிய நிரலாக மதிக்கப்பட்டு இயங்கும். திறந்தவர் தள நிர்வாகியாக இருந்தால் அவருடைய உரிமையைக்கொண்டு எதையும் செய்யலாம். எஸ்விஜி வடிவம் வேர்ட்பிரஸ் பட்டியலில் இயல்பாக இடம்பெறாமைக்கு இதுவே காரணம். அதைச் சேர்க்க விரும்புவோர், பதிவேறும்போதே நிரற்பகுதிகளை நீக்கித் தூய்மையாக்கும் செருகுநிரலையும் சேர்த்தே அமைக்க வேண்டும்.

பட்டியலில் ஒரு வரி

இனி மன்றத்தாரின் மின்னூலுக்கு வருவோம். இபப் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் இயல்களும் படங்களும் அட்டவணையும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். பொதிக்குள் முதலாவதாக வைக்கப்படும் கோப்பின் பெயர் ‘மைம்டைப்’ என்றிருக்க வேண்டும், அதைச் சுருக்கவும் கூடாது என்பது இபப் இலக்கணம். அக்கோப்பில் இருப்பது ‘அப்ளிகேஷன்/இபப்+ஜிப்’ என்னும் ஒரு தொடர் மட்டுமே. சுருக்கப்படாததால் பொதியைப் பிரிக்காமலேயே அதன் தொடக்கத்தில் அத்தொடரைப் படித்துவிடலாம். தன்னை இன்னார் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரும் விருந்தினரை வேறெங்கும் எளிதில் காண முடியாது!

இத்தகைய கோப்பை ஏற்கச் செய்ய இரு வழிகள் பேசப்படுகின்றன. வேர்ட்பிரஸ் அமைவுக்கோப்பில் ஒரு மாறிலியை எழுதி, நிர்வாகி எவ்வகைக் கோப்பையும் பதிவேற்றலாம் எனக் காவலையே நீக்கிவிடுவது ஒன்று. ஒரு வரியில் முடிந்துவிடுவதால் பலரும் இதை நாடுகின்றனர். நிர்வாகி நல்லவராக இருக்கலாம். அவர் பதிவேற்றும் கோப்போ பெரும்பாலும் பிறர் அனுப்பியது. இவ்வழியைப் பரிந்துரைக்க இயலாது.

மற்றொன்று ‘அப்லோட் மைம்ஸ்’ என்னும் வடிகட்டி. வேர்ட்பிரஸ் தன் பட்டியலைப் பயன்படுத்தும் முன் அதை இவ்வடிகட்டி வழியே அனுப்புகிறது. நாம் எழுதும் சிறு நிரல் அப்பட்டியலை வாங்கி, இபப் என்னும் நீட்சியையும் அதற்குரிய மைம் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்துத் திருப்பித் தந்துவிடும். வேண்டிய ஒன்று மட்டும் உள்ளே வரும். ஏனைய காவல் அப்படியே நிற்கும். அந்நிரலை வார்ப்புருவின் கோப்பில் எழுதினால், வார்ப்புருவை மாற்றும் நாளில் அதுவும் போய்விடும். தனிச் செருகுநிரலாக எழுதுவதே நன்று.

மைம் பெயரைக் குத்துமதிப்பாக எழுதலாகாது. ‘அப்ளிகேஷன்/இபப்’ என்று பாதியில் நிறுத்தினால், வழங்கியில் கோப்பறியும் வசதி இருக்கும்போது உள்ளடக்கம் சொல்லும் பெயரும் பட்டியல் சொல்லும் பெயரும் முரண்படும். நூல் மீண்டும் வாயிலிலேயே நின்றுவிடும். இந்த உட்சோதனை சிலகாலம் எல்லை மீறியதும் உண்டு. 2018 டிசம்பரில் வெளிவந்த 5.0.1 பதிப்பு சோதனையைக் கடுமையாக்கியபோது, சிஎஸ்வி போன்ற சாதாரண அட்டவணைக் கோப்புகளும் மறுக்கப்பட்டன. அடுத்த மாதம் வந்த 5.0.3 பதிப்பில் அதைத் திருத்தினர். காவலை இறுக்கும்போது நல்லவரும் சிறிது காலம் வெளியே நிற்க நேர்கிறது.

பட்டியலும் தேங்கி நிற்பதில்லை. வெப்பி படவடிவம் 2021இல் 5.8 பதிப்பிலும், ஏவிஐஎஃப் 2024இல் 6.5 பதிப்பிலும் இடம்பெற்றன. ஐபோன் எடுக்கும் எச்இஐசி படங்களை அதே ஆண்டின் 6.7 பதிப்பு ஏற்று, ஜேபெக் படமாக மாற்றிக்கொள்கிறது. வகை ஏற்கப்பட்டாலும் அளவு தடுக்கலாம் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். பிஎச்பி தன் இயல்பு அமைப்பில் 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை.

வரியைச் சேர்த்த பின் மன்றத்தார் செய்யத்தக்க சோதனைகள் மூன்று உண்டு. மலரைப் பதிவேற்றினால் அது நுழைய வேண்டும். ஏதேனும் ஒரு ஜேபெக் படத்துக்கு இபப் என நீட்சியை மாற்றிப் பதிவேற்றினால் அது மறுக்கப்பட வேண்டும். மறுக்கப்படாவிட்டால் வழங்கியில் கோப்பறியும் வசதி நிறுவப்படவில்லை என்று கொள்ளலாம். மூன்றாவதாக, சாதாரண ஜிப் பொதி ஒன்றுக்கு இபப் எனப் பெயரிட்டு அனுப்பிப் பார்க்கலாம். இபப் கோப்பும் ஒரு ஜிப் பொதியே ஆதலால் வேர்ட்பிரஸ் இங்குச் சற்று இளகி அதை உள்ளே விட்டுவிடும். வாயிலைக் கடந்துவிட்ட அந்தப் பொதியை, மின்னூல் படிக்கும் செயலி திறக்க முயன்று, நூல் எதுவும் இல்லையென்று கைவிரிக்கும்.